என் நாட்டுக்கு வராத சலுகையை எனக்கு ஏன் காட்டுகிறீர்கள்?

எல்லை தாண்டிப் பொருள் விற்கும் இணைய அங்காடிகளின் நிர்வாகத்தாருக்கும், சலுகை அறிவிப்புகளைத் தயாரித்து அனுப்பும் பிரிவினருக்கும்,

வணக்கம்.

வேறு நாட்டில் இருந்துகொண்டு உங்களிடம் பொருள் வாங்குகிற பலரில் நானும் ஒருத்தி. என் முகவரி பல வருடமாக உங்கள் கணக்கில் இருக்கிறது. பார்சலின் மேல் ஒட்டும் சுங்கப் படிவத்தில் என் நாட்டின் பெயரை அச்சடித்து அனுப்புவதே நீங்கள்தான். ஆனால் நீங்கள் அனுப்பும் சலுகை அறிவிப்புகளில் பெரும்பாலானவை என் நாட்டில் செல்லுபடியாகாதவை. இலவச டெலிவரி என்று வரும். உள்நாட்டு முகவரிக்கு மட்டும். கடைக்கு நேரில் வந்து எடுத்துக்கொண்டால் கூடுதல் தள்ளுபடி என்று வரும். அந்தக் கடை இருப்பதோ வேறு கண்டத்தில். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் சலுகை வரும். என் பழைய பொருளை எடுத்துப்போக இங்கே உங்களுக்கு ஆள் கிடையாது. வட்டியில்லாத் தவணை என்று வரும். அதற்கு உங்கள் நாட்டு வங்கியின் அட்டை வேண்டும்.

கூடுதலாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. எனக்குக் கிடைக்காததை எனக்குக் காட்டாதீர்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால், எந்தெந்த நாட்டுக்கு என்பதைச் சலுகையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

சமீபத்தில் ஒரு அங்காடியில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்களில் பலருடைய தளமும் இப்படித்தான் இயங்குகிறது. ஒரு மேஜை விளக்கும் சில புத்தகங்களும் வாங்கப் போனேன். முகப்பிலேயே பெரிய பேனர்: குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். கார்ட்டைத் திறந்தால் அடியில் ஒரு பட்டை. ஒவ்வொரு பொருளையும் சேர்க்கச் சேர்க்க அது நிறைந்துகொண்டே வந்தது. "இன்னும் கொஞ்சம்தான், டெலிவரி இலவசம்" என்று பக்கத்தில் எழுத்து. அந்தக் கொஞ்சத்துக்காகத் தேவையில்லாத நோட்டுப் புத்தகங்கள் இரண்டைச் சேர்த்தேன். பட்டை பச்சையானது, பக்கத்தில் ஒரு டிக் விழுந்தது. பிறகு முகவரிப் பக்கம், கூரியர் ஆளுக்குத் தர வேண்டிய தொலைபேசி எண், வங்கியிலிருந்து வந்த ஓ.டி.பி. எல்லாம் முடிந்து, பணம் கட்டும் பொத்தானுக்கு நேர் மேலே டெலிவரிக் கட்டணம் வந்து உட்கார்ந்தது. பொருட்களின் விலையில் பாதிக்குமேல். அதற்கும் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில், இந்தச் சலுகை உங்கள் முகவரிக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதைத்தான்.

கட்டணம் அதிகம் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூரம் அப்படி, சரக்குக் கட்டணம் அப்படி. பொறுக்க முடியாதது வேறு. நான் ஏற்கெனவே லாக்-இன் செய்திருந்தேன். என் முகவரிதான் அந்தக் கணக்கின் இயல்பான டெலிவரி முகவரி. முதல் பக்கத்திலேயே தெரிந்த ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் போய்ச் சொல்கிறீர்கள். நடுவில் என்னை இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வாங்க வைக்க மட்டும் அந்தப் பச்சைப் பட்டை பயன்பட்டிருக்கிறது. இதைத் திட்டமிட்டுச் செய்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டதாக உணரும் வாடிக்கையாளருக்கு, திட்டமிட்டதா கவனக்குறைவா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். சலுகைகள் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டுமே, நிபந்தனைகளைப் படிக்கவும் என்று பதில் வந்தது. பதில் எழுதியவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவர் கையில் அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது.

இப்படி நடப்பதற்கான காரணம் ஓரளவு எனக்குப் புரியும். ஆர்டரைக் கையாளும் மென்பொருளுக்கு என் முகவரி தெரியும். மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் தனி. அதில் என் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், நாடு இருக்காது. முகப்பில் எந்த பேனர் வர வேண்டும் என்பதை முடிவு செய்வது மூன்றாவது ஒன்று. அது என் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐ.பி. முகவரியைப் பார்த்து ஊகிக்கும், அல்லது எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றையே போடும். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரு கைக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிகிறது, இன்னொரு கைக்குத் தெரியவில்லை.

ஐ.பி. முகவரியை வைத்து நாட்டை ஊகிப்பது பெரும்பாலும் சரியாக வரும். தவறும்போது மோசமாகத் தவறும். இணைப்பை வேறு இடத்துச் சர்வர் வழியாகத் திருப்பும் வி.பி.என். மூலம் வருபவர், தலைமையகம் வேறு நாட்டில் இருக்கும் அலுவலகத்தின் வலைப்பின்னலில் இருப்பவர், ரோமிங்கில் இருப்பவர் என எல்லோரும் தாங்கள் இல்லாத வேறொரு நாட்டில் இருப்பதாகத் தெரிவார்கள். ரோமிங்கில் இணையத் தரவு பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குப் போய்த்தான் வெளியே வரும் என்பதால், பயணத்தில் இருப்பவரின் கைபேசி வீட்டில் இருப்பதாகவே உங்களுக்குத் தோன்றும். பிரவுசர் அனுப்பும் மொழி விருப்பத்தை வைத்து நாட்டைத் தீர்மானிப்பது இன்னும் மோசம். ஸ்பானிஷ் மொழியில் படிப்பவர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் எதிலும் இருக்கலாம். வாடிக்கையாளர் தானே எழுதிக்கொடுத்த டெலிவரி முகவரி கையில் இருக்கும்போது இந்த ஊகங்கள் எதற்கு?

உங்களில் சிலர் இதற்கு மறுகோடியில் ஒரு தீர்வு கண்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு ஐ.பி. என்று தெரிந்ததும் நாங்கள் பார்க்க வந்த பக்கத்தை மூடிவிட்டு, "உங்கள் நாட்டுத் தளத்துக்கு" என்று வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறீர்கள். தேடி வந்த பொருள் அங்கே இருக்காது. முகப்புப் பக்கத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். தயவுசெய்து இதையும் செய்யாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் எல்லோரும் வெளிநாட்டுக்கே வாங்குவதில்லை. உங்கள் நாட்டில் இருக்கும் அம்மாவுக்கு மருந்துப்பெட்டி வாங்கி அனுப்பும் மகன் இருக்கிறான். அங்கே படிக்கும் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்பும் அக்கா இருக்கிறாள். அவர்களுக்கு உங்கள் உள்நாட்டு இலவச டெலிவரி முழுமையாகப் பொருந்தும், அவர்கள் உட்கார்ந்திருப்பது எந்த நாடாக இருந்தாலும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இவர் எங்கே இருக்கிறார் என்பதல்ல. இந்தப் பார்சல் எங்கே போகிறது என்பது. அதை ஊகிக்காமல் கேட்டுவிடலாம். பக்கத்தின் மேல் மூலையில் "எந்த நாட்டுக்கு அனுப்ப?" என்று ஒரு பெட்டி வைத்து, அதை மாற்றினால் விலை, கட்டணம், சலுகை எல்லாம் கூடவே மாறும்படி செய்திருக்கும் அங்காடிகள் இருக்கின்றன. அங்கே வாங்கும்போது ஒருமுறைகூட எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்களின் டெலிவரிக் கட்டணமும் குறைவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு பாதியைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கும் 2018/302 என்ற ஒழுங்குமுறையின்படி, ஒன்றியத்துக்குள் ஒரு வாடிக்கையாளரை அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுத் தளத்துக்குத் திருப்பி விடக்கூடாது. சம்மதித்துப் போனாலும், முதலில் வந்த தளத்துக்கு அவர் எளிதில் திரும்ப முடிய வேண்டும். எல்லா நாட்டுக்கும் டெலிவரி செய்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் வியாபாரிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. அது நியாயம்தான் என்பேன். எங்கே அனுப்புவது என்பது உங்கள் உரிமை. எங்கே அனுப்ப மாட்டீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எங்கள் உரிமை.

வரி விஷயத்துக்கு வருகிறேன். சலுகை பொருந்தினாலும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான், உங்கள் விளம்பரங்களில் ஒரு சொல்கூட இடம் பெறாததும் இதுதான். சில வருடங்களுக்கு முன்புவரை சிறிய பார்சல்கள் பல நாடுகளில் வரியில்லாமல் உள்ளே வந்தன. அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல், 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான இறக்குமதிப் பொருட்களுக்கும் ஜி.எஸ்.டி.யை விரிவுபடுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. 150 யூரோ வரையிலான பார்சல்களுக்கு விற்பவரே வாங்கும் நேரத்திலேயே வரியை வசூலித்துக் கட்டிவிடும் ஏற்பாட்டையும் அன்றே கொண்டுவந்தது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதையொட்டிப் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கான பார்சல்களை ஏற்பதையே சில காலம் நிறுத்திவைத்தன.

இவையெல்லாம் உங்கள் ஏற்றுமதிப் பிரிவுக்கு மனப்பாடம். ஆனால் சலுகை எழுதுபவருக்குத் தெரிவதில்லை. இருபது சதவீதம் தள்ளுபடி என்று நீங்கள் எழுதும் வேளையில், வீட்டு வாசலில் நிற்கும் கூரியர் ஆள் சுங்க வரியோடு அதைக் கையாண்டதற்கென்று தனியாக ஒரு கட்டணமும் கேட்கிறார். பல நாடுகளில் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அதைக் கொண்டுவரும் சரக்குக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி கணக்கிடுவார்கள். தள்ளுபடியால் பொருளின் விலை குறைந்தது. சரக்குக் கட்டணம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் வரி. கூட்டிப் பார்த்தால், கிடைத்ததாக நினைத்த தள்ளுபடி காணாமல் போயிருக்கும். கட்ட மறுத்துப் பார்சலைத் திருப்பி அனுப்பினால், போக வர ஆன செலவைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறீர்கள். வரி உங்கள் குற்றமல்ல. ஆனால் வரி உட்பட மொத்தம் எவ்வளவு என்று வாங்கும்போதே கணக்கிட்டுச் சொல்வது முடியாத காரியமும் அல்ல. பொருளின் சுங்க வகைப்பாட்டு எண், விலை, எடை, போகும் நாடு ஆகியவை உங்களிடம் இருக்கின்றன. சுங்கப் படிவத்தை நிரப்பத் தேவையானதும் அவைதானே.

இலவசமாகத் திருப்பி அனுப்பலாம் என்ற வாக்குறுதியும் இதே கதைதான். பெட்டிக்குள் நீங்கள் வைத்தனுப்பும் ரிட்டர்ன் லேபிள் உங்கள் உள்நாட்டு அஞ்சலுக்கானது. என் ஊர் அஞ்சலகத்தில் அது வெறும் காகிதம். அளவு சரியில்லாத ஒரு சட்டையைத் திருப்பி அனுப்ப அந்தச் சட்டையின் விலையைவிட அதிகம் ஆகும் என்று தெரிந்திருந்தால், "கவலையில்லாமல் வாங்குங்கள்" என்ற அந்த வரியை நம்பி வாங்கியிருக்க மாட்டேன்.

அனுப்பவே முடியாத பொருட்கள் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. வாசனைத் திரவியத்தில் ஆல்கஹால் இருப்பதால் அது தீப்பற்றும் பொருள் என்ற கணக்கில் வரும். சில புத்தகங்களுக்கும் மின்னூல்களுக்கும் விற்பனை உரிமை நாடு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லாம் நியாயமான காரணங்கள். பொருளின் பக்கத்திலேயே "இது உங்கள் நாட்டுக்கு அனுப்ப இயலாது, காரணம் இது" என்று எழுதிவிட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் அதே பேட்டரியை, அதே வாசனைத் திரவியத்தை, "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தோம்" என்று என் பெயரை மேலே போட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள்.

பருவமும் நேரமும்கூட நாட்டுக்கு நாடு மாறும். வடகோளத்தின் குளிர்கால ஆடைத் தள்ளுபடி, கொளுத்தும் கோடையில் இருக்கும் தென்கோளத்துக்காரருக்கும் போகிறது. "இன்று நள்ளிரவோடு முடிகிறது" என்று கவுன்ட்-டவுன் ஓடுகிறது, யாருடைய நள்ளிரவு? உலகில் மிக முந்தி விடியும் நேர மண்டலத்துக்கும் கடைசி மண்டலத்துக்கும் இடையில் 26 மணி நேரம் இருக்கிறது. அறிவிப்பு என் கைக்கு வரும்போதே சலுகை முடிந்திருந்த நாட்கள் உண்டு. மின்சாதனங்களிலும் இப்படித்தான். ஜப்பானில் 100 வோல்ட், வட அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. நான் வாங்கப் போன அந்த விளக்கு என் வீட்டு மின்சாரத்தில் எரியுமா என்பதைப் பொருளின் பக்கத்தில் தேடித்தேடிக் கடைசியில் வேறொரு வாடிக்கையாளர் எழுதிய விமர்சனத்தில்தான் கண்டுபிடித்தேன்.

முகவரிப் படிவத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அஞ்சல் குறியீடு கட்டாயம் என்று சிவப்புக் கோடு போடுகிறீர்கள். ஹாங்காங்கிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படி ஒரு குறியீடே கிடையாது. அயர்லாந்துக்கு 2015இல்தான் வந்தது. குறியீடு இல்லாதவர்கள் பூஜ்யங்களை நிரப்பி எப்படியோ கடந்துபோகிறார்கள். "எங்கள் வாடிக்கையாளர் உள்ளூர்க்காரர்தான்" என்ற நினைப்பில் கட்டிய தளத்தில் சலுகை மட்டும் எப்படிச் சரியாக வரும்?

உங்கள் தரப்பில் சொல்லக்கூடியதை நானே யோசித்துப் பார்த்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சிறு பகுதிதான், எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புவது எளிது, பிடிக்காதவர்கள் விலகிக்கொள்ளலாமே. விலகலாம்தான். விளம்பர மின்னஞ்சல்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டப்படி, விலகச் சொன்னவருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதை 10 வேலை நாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும். ஆனால் விலகினால் எல்லாம் போய்விடும். எனக்குப் பொருந்தும் அந்த ஒன்றிரண்டு அறிவிப்புகளும் போய்விடும்; சர்வதேச டெலிவரிக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறோம் என்று நீங்கள் அனுப்பினால் அதுவும் எனக்கு வராது. எல்லாமே வேண்டும், எதுவுமே வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு வழியும் வைக்கவில்லை. இன்னொன்று, விலகாமல் இருப்பவர்கள் எல்லாம் படிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். பொருந்தாத சலுகைகள் தொடர்ந்து வந்தால், மனிதர்கள் உங்கள் பெயரைப் பார்த்ததும் திறக்காமலே அழித்துவிடப் பழகிக்கொள்வார்கள். நான் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். உங்கள் பொருட்களின் தரம் எனக்குப் பிடிக்கும் என்பதால்தான், அழிப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

தனியுரிமைச் சட்டங்கள் இருக்கின்றன, டெலிவரிக்காகக் கொடுத்த முகவரியை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று உங்கள் சட்டப் பிரிவு தயங்கினால், அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். முழு முகவரியும் வேண்டாம். உலகின் ஒவ்வொரு நாட்டுக்கும் சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 3166 தரத்தில் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கிறது. முதன்முதலில் 1974இல் வெளியான தரம் அது. அந்த இரண்டெழுத்து மட்டும் மின்னஞ்சல் பட்டியலுக்குப் போனால் போதும். எதற்காக எடுக்கிறோம் என்று தனியுரிமை அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். அதற்கும் தயக்கமென்றால், கணக்கு அமைப்புப் பக்கத்தில் "எந்த நாட்டுக்கான சலுகைகள் வேண்டும்?" என்று நேரடியாகக் கேளுங்கள், நானே நிரப்பித் தருகிறேன். இலவச டெலிவரிப் பட்டை அந்த நாட்டைப் பார்த்து நிறையட்டும், பொருந்தாது என்றால் தோன்றாமலே இருக்கட்டும்.

இவற்றைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பது தெரியும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தளம் தவறாகக் காட்டிய சலுகையை, அதை நம்பிப் பொருள் சேர்த்த வாடிக்கையாளருக்கு அந்த ஆர்டரில் மட்டுமாவது கொடுத்துவிடும் அதிகாரத்தை உங்கள் சேவைப் பிரிவு ஊழியர்களுக்கு வழங்குங்கள். டெலிவரிக் கட்டணத்தை முழுதாகத் தள்ள முடியாவிட்டால், இலவச டெலிவரிக்கென்று சேர்த்த பொருட்களையாவது ஒரே சொடுக்கில் நீக்கிக்கொடுக்க அவர்களால் முடிய வேண்டும். நிபந்தனைகளைப் படிக்கவும் என்ற பதிலை ஒட்டி அனுப்பும் வேலையிலிருந்து அவர்களுக்கும் விடுதலை கிடைக்கும்.

இந்த மடலுக்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வெளிநாட்டிலிருந்து உங்களிடம் வாங்கும் ஒரு வாடிக்கையாளர்